மார்க் குறைவு, மெடல் நிறைய: காலேஜ் கிடைக்குமா? சேலம், ஏற்காடு பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

நான் சேலம் மாவட்ட அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியை. முதல் ஆறு வருடம் ஏற்காட்டில், அப்புறம் கீழே சேலத்தில். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளிலிருந்து ஜூன் கடைசி வரை என் போன் ஓயாது. தறி ஓட்டுகிறவர்கள், கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்கள், காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். பிள்ளை நன்றாக ஓடும், நன்றாக ஆடும், மார்க் மட்டும் சுமார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மிஸ், பையன் 600-க்கு 360. கபடியில் மாநில அளவுக்குப் போயிருக்கிறான். காலேஜ் கிடைக்குமா?

கிடைக்கும். முதலில் இதை நம்புங்கள். 360 எடுத்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் காலேஜே இல்லை என்ற நிலை கிடையாது. எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு என்பதுதான் கேள்வி. அந்த மூன்றையும் மாற்றும் சக்தி கபடிக்கு உண்டு.

ஆனால் 360 என்ற மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு, மீதி நான்கு பாடங்களை 400-க்குக் கணக்கிட்டுத்தான் பொது ரேங்க் போடுகிறார்கள். பையன் தமிழில் 78, இங்கிலீஷில் 61 எடுத்திருந்தால் மீதி 400-க்கு 221. பி.காம். போன்ற கூட்டம் அதிகமுள்ள படிப்புக்குப் பொதுப் பட்டியலில் இது பின்னால்தான் நிற்கும். ஆனால் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கைத்தான் பார்ப்பார்கள். அங்கே இதே பையனுக்கு 78 கைகொடுக்கும். மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள், அழுவதெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, எதிர்பார்த்ததைவிட ஒரு பாடத்தில் மட்டும் மார்க் படுமோசமாக இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பாருங்கள். நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். தேதி சில நாள்தான் கொடுப்பார்கள்.

எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது?

எல்லாக் கேள்வியிலும் பெரிய கேள்வி இதுதான். வீட்டு அலமாரியில் ஷீல்டு வரிசையாக நிற்கும், காலேஜ் மேசைக்கு எதுவும் போய்ச் சேராது. அங்கே காகிதம்தான் பேசும்.

பள்ளி விளையாட்டில் ஏணி ஒன்று இருக்கிறது. குறுவட்டம் (பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடப்பது), அப்புறம் வருவாய் மாவட்டம், அப்புறம் மண்டலம், மாநிலம், தேசியம். குடியரசு தின விழா போட்டிகள், பாரதியார் தின விழா போட்டிகள் எல்லாம் இந்த ஏணியில்தான் ஏறும். இதில் கிடைத்த சான்றிதழை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முதலமைச்சர் கோப்பை சான்றிதழுக்கும் மதிப்புண்டு. அங்கீகரிக்கப்பட்ட மாநில விளையாட்டுச் சங்கம் நடத்திய போட்டி, தமிழ்நாட்டு அணிக்காகத் தேசியப் போட்டிக்குப் போனது, இவையெல்லாம் கனமானவை. குறுவட்டத்தில் வாங்கிய பத்துத் தங்கத்தைவிட மாநில அணிக்காக ஒருமுறை ஆடிய காகிதம் பெரிது.

செல்லாதது எது? ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் நடக்கும் 'சர்வதேச' போட்டி. ஆளுக்கு இரண்டாயிரம் கட்டணம், வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கோப்பை, சான்றிதழில் நான்கு நாட்டுக் கொடி. யோகாவிலும் கராத்தேவிலும் இது நிறைய நடக்கிறது. பிள்ளைகள் உண்மையாக உழைத்துத்தான் போகிறார்கள், அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு அம்மா கொலுசுக்குச் சலங்கை கோத்து, அந்தக் கூலியைச் சேர்த்து மகளை மூன்று வருடம் இப்படிப்பட்ட போட்டிகளுக்கு அனுப்பினார். பதினான்கு சான்றிதழ். கவுன்சிலிங்கில் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பணம் கட்டும் முன்னால் உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மகாத்மா காந்தி ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது, அங்கே போய் இந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

சிலம்பத்தைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். முன்பு அது கோயில் திருவிழா விஷயமாகவே இருந்தது. இப்போது முதலமைச்சர் கோப்பையில் சிலம்பம் இருக்கிறது. அதனால் வாத்தியாரிடம் கற்றுக்கொள்வதோடு நிற்காமல், அங்கீகாரமுள்ள போட்டிகளிலும் பிள்ளையை இறக்குங்கள்.

சான்றிதழ்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?

லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் ஒரு கையெழுத்தோ முத்திரையோ வாங்க வேண்டி வந்தால் வழியில்லாமல் போகும். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரே ஃபைலில் வருட வரிசைப்படி வையுங்கள். ஏற்காட்டில் மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும். நான் அங்கே இருந்தபோது ஒரு பையன் தன் மண்டல அளவுச் சான்றிதழைக் கொண்டு வந்து காட்டினான். தகரப் பெட்டிக்கு அடியில் இருந்து எடுத்திருக்கிறான். முத்திரையின் ஊதா மை தாள் முழுக்கப் பரவி, அவன் பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் மிச்சம். எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து இன்னொரு ஆளுக்கும் அனுப்பி வையுங்கள்.

அப்புறம் பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ, இன்ஷியலோடு, அப்படியே சான்றிதழிலும் இருக்க வேண்டும். போட்டி முடிந்த களைப்பில் யாரோ ஒருவர் அவசரமாக எழுதுவார். மைதானத்தை விட்டு வெளியே வரும் முன்னால் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி, போட்டியின் நிலை, எத்தனையாவது இடம், கையெழுத்து எல்லாம் பார்த்துவிடுங்கள். அப்போது திருத்துவதற்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டு வருடம் கழித்து என்றால் அந்த அலுவலர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தேட வேண்டும்.

அரசு கலைக் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா எப்படி நடக்கிறது?

மாநிலம் முழுவதற்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஐம்பது ரூபாய் அளவில்தான். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, பதிவுக்கான சில்லறை மட்டும். விண்ணப்பத்தில் 'சிறப்புப் பிரிவு' என்று ஒரு இடம் வரும். விளையாட்டு, மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் பிள்ளைகள், என்.சி.சி. எல்லாம் அதில் அடக்கம். பிரவுசிங் சென்டரில் அவசரமாகப் பூர்த்தி செய்யும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே டிக் விழவில்லையென்றால், கையில் தேசியச் சான்றிதழ் இருந்தாலும் பெயர் அந்தப் பட்டியலில் வராது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் திரையைக் கண்ணால் பார்த்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.

சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வுதான் முதலில் நடக்கும், பொதுக் கலந்தாய்வு அதற்குப் பின்னால். நேரில், அந்தக் கல்லூரியிலேயே நடக்கும். முதல் நாளே இடம் எடுக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பலருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எல்லாத் துறையும் திறந்திருக்கும்.

ஏற்காட்டுப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அப்பா அம்மா இரண்டு பேரும் எஸ்டேட் வேலை. 3000 மீட்டர் ஓடுவாள். மேட்டிலும் பள்ளத்திலும் ஓடிப் பழகியதால் கீழே தட்டையான டிராக்கில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. மாநிலத்தில் மூன்றாம் இடம். மார்க் 338. கோரிமேட்டில் இருக்கும் அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தோம். ஏற்காடு பஸ் அந்த வழியாகத்தான் போகும் என்பதால் அதுதான் வசதி. கலந்தாய்வு நாளன்று மலையில் பனிமூட்டம், பஸ் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஊர்ந்துதான் இறங்கியது. நான் கல்லூரி வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பஸ் நின்றதும் ஃபைலை நெஞ்சில் அணைத்துக்கொண்டு கேட்டிலிருந்து ஓடி வந்தாள். அவள் பெயரைக் கூப்பிட இன்னும் இரண்டு பேர் பாக்கி. பி.ஏ. பொருளாதாரம் கிடைத்தது. பொதுப் பட்டியலில் அவளுக்கு அன்றைக்கு அது நடந்திருக்காது. மலையிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே கீழே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள் என்று அதிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரு கல்லூரிக்கு மட்டும் போடாதீர்கள். சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் மகளிர் கல்லூரியிலும் போட்டி கடுமையாக இருக்கும். ஆத்தூர் வடசென்னிமலை, எடப்பாடி போன்ற இடங்களையும் சேர்த்துப் போடுங்கள்.

இன்ஜினியரிங்கில் விளையாட்டுக்கு இடம் உண்டா?

உண்டு. பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். இதில் வரிசையை முடிவு செய்வது கட் ஆஃப் இல்லை, விளையாட்டுச் சாதனைக்குக் கொடுக்கும் மதிப்பெண். அதற்காக மார்க்கே வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரியில் குறைந்தபட்சத் தகுதி வேண்டும்: பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. உதாரணத்துக்கு, கணிதம் 62, இயற்பியல் 58, வேதியியல் 64 என்றால் சராசரி 61-க்கு மேல். தகுதி இருக்கிறது. ஆனால் கட் ஆஃப் போட்டால், கணிதம் முழுசாக, மற்ற இரண்டும் பாதியாக, 62, 29, 32 கூட்டி 200-க்கு 123. இதை வைத்துக்கொண்டு பொதுவில் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியைக் கனவுதான் காண வேண்டும். தேசிய அளவில் தமிழ்நாட்டுக்கு ஆடிய பிள்ளைக்கு அந்தக் கதவு விளையாட்டு வழியாகத் திறக்கலாம். மாவட்ட அளவோடு நின்றவர்கள் இதை நம்பி உட்கார வேண்டாம், மாநிலம் முழுக்க இருந்து வருகிறார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள்ளும் விளையாட்டுப் பிரிவு உண்டு. அந்த வழியில் போனால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறு இல்லை.

இங்கே என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாலிபாலில் தேசியப் போட்டிக்குப் போன பையன். விண்ணப்பத்தோடு தரும் படிவத்தில் சங்கத்தின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வெளியூரில் ஏதோ போட்டி நடத்தப் போயிருந்தார். அசல் சான்றிதழ்தான் இருக்கிறதே, படிவம் எதற்கு என்று நான் விட்டுவிட்டேன். சரிபார்ப்பில் முதலில் கேட்டது அந்தப் படிவத்தைத்தான். விளையாட்டுப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. அவனும் அவன் அப்பாவும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் பேசாமல் வந்தோம். பொதுக் கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியில் சேர்ந்து படித்தான். இப்போதெல்லாம் ஜனவரியிலேயே முந்தின வருடப் படிவத்தை எடுத்து, யார் யார் கையெழுத்து வேண்டியிருக்கும் என்று எழுதி வைத்துவிடுகிறேன். புது அறிவிப்பு வந்ததும் படிவம் மாறியிருக்கிறதா, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை உள்ள சான்றிதழை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பேன். எட்டாம் வகுப்பில் வாங்கிய தங்கம் அந்தக் காலவரம்புக்குள் வராது.

எம்.பி.பி.எஸ்.?

மாநிலம் முழுக்க விளையாட்டுப் பிரிவில் 7 இடங்கள். நீட் தகுதியும் வேண்டும். சர்வதேசப் பதக்கம் வாங்கியவர்களோடு போட்டி. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தனியார் கல்லூரியில் 'ஃப்ரீ சீட்' என்கிறார்கள். நம்பலாமா?

பல கல்லூரிகள் உண்மையாகவே கொடுக்கின்றன. கபடி, வாலிபால், கூடைப்பந்து, தடகளம், கிரிக்கெட் இவற்றில் பல்கலைக்கழகப் போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கல்லூரிகளுக்கு இருக்கிறது. ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே ஏப்ரல், மே மாதங்களில் செலக்‌ஷன் ட்ரயல்ஸ் வைப்பார்கள். கோவை, சென்னைக் கல்லூரிகளும் அப்படித்தான். அங்கே மார்க்கைக் கடைசியில்தான் கேட்பார்கள், முதலில் ஷூவைக் கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கச் சொல்வார்கள். மார்க் குறைந்த நல்ல ஆட்டக்காரருக்கு இதைவிட நேர்மையான தேர்வு இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் 'ஃப்ரீ' என்ற வார்த்தையைப் பிரித்துப் பாருங்கள். டியூஷன் ஃபீஸ் மட்டுமா, பரீட்சைக் கட்டணமும் சேர்த்தா, விடுதியா, மெஸ்ஸா, மூன்று வருடத்துக்குமா அல்லது முதல் வருடத்துக்கு மட்டுமா? முக்கியமாக, அடிபட்டு ஆட முடியாமல் போனால் என்ன செய்வார்கள்? என்னிடம் படித்த ஒரு பையனுக்கு ஒரு கல்லூரியில் வாய்வார்த்தையாக எல்லாம் இலவசம் என்றார்கள். இரண்டாம் வருடம் முழங்காலில் தசைநார் கிழிந்தது. அடுத்த மாதமே முழுக் கட்டணமும் கேட்டார்கள், மாற்றுச் சான்றிதழும் அவர்கள் கையில். அவன் அப்பா அம்மாபேட்டையில் தறியை அடமானம் வைத்தார். கல்லூரித் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னைப் போல ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் கேட்கிறோம்.

என் பொண்ணுக்கு விளையாட்டு இல்லை. பரதம், பேச்சுப்போட்டி, கலைத் திருவிழாவில் மாநிலப் பரிசு. அதற்கு ஏதாவது உண்டா?

மனதுக்குக் கஷ்டமான பதில்: அரசுக் கலந்தாய்வில் விளையாட்டுக்கு இருப்பது போல கலைக்கு ஒதுக்கீடு இல்லை. பேச்சுப்போட்டிக் கோப்பை ரேங்கில் ஒரு இடம்கூட முன்னே தள்ளாது. இது மாற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். கலைத் திருவிழாவில் கலையரசி பட்டம் வாங்கிய பிள்ளை பட்ட பாடு ஓட்டக்காரர் பட்ட பாட்டுக்குக் குறைந்ததில்லை.

ஆனால் திறமையையே பார்த்து எடுக்கும் இடங்கள் இருக்கின்றன. பாட்டு, வாத்தியம், பரதம் என்றால் சேலத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அதற்கு மேல் படிக்க அரசு இசைக் கல்லூரிகள். ஓவியம், சிற்பம் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள். பல தனியார் கல்லூரிகளில் கலாசாரக் குழுவுக்கென்று ஆடிஷன் வைத்து, கட்டணச் சலுகை தருகிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கும் கலைக்கும் கூடுதல் இடங்கள் உண்டு, நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டுக்கும், 2025-26 முதல் நுண்கலைக்கும் தனிச் சேர்க்கை நடத்துகிறது. ஆனால் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். மார்க் குறைவான பிள்ளைக்கு அது எட்டாது, கேட்கிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன். அதே ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் வேறு மாதிரி: ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும். பக்கத்துக் கல்லூரியில் ஒரு பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செஸ் பற்றி ஒரு வார்த்தை: செஸ் விளையாட்டுக் கணக்கில்தான் வரும். அதைக் கலை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர்?

என்.சி.சி. மட்டும் கலைக் கல்லூரிச் சேர்க்கையில் சிறப்புப் பிரிவில் வருகிறது. பள்ளியில் 'ஏ' சான்றிதழ் எழுதி முடித்திருக்க வேண்டும், அணிவகுப்பில் நின்ற போட்டோ போதாது. கல்லூரியிலும் தொடர்ந்து 'சி' சான்றிதழ் வாங்கினால் பின்னால் ராணுவ அதிகாரி தேர்வில் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்காணலுக்குப் போகும் வழி இருக்கிறது. மற்ற இரண்டும் பிள்ளையை நல்ல மனுஷனாக்கும், சேர்க்கையில் இடம் வாங்கித் தராது.

பிளஸ் டூ வருடம் விளையாட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஐந்து வருடம் ஓடிய பிள்ளையைக் கடைசி வருடம் உட்கார வைத்தால் மார்க் கூடிவிடும் என்று நினைக்கிறார்கள். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன், நிறுத்திய பிள்ளைகள் அந்த இரண்டு மணி நேரத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்ததில்லை. சோர்ந்து போய், எரிச்சலாகி, போனைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். அதோடு 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பெரிய சான்றிதழ் கிடைக்கும் வருடமே அதுதான்.

நான் சொல்வது இது: டிசம்பர் வரை காலையில் மட்டும் பயிற்சி. ஜனவரியிலிருந்து உடம்பு கெடாத அளவுக்கு நாற்பது நிமிடம். மாலை முழுக்கப் படிப்பு. போட்டிக்குப் போகும் நாட்களில் விட்டுப்போன பாடத்தை எழுதித் தர ஒரு நண்பனை ஏற்பாடு செய்துவிடுங்கள். செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் எந்தப் போட்டிக்கும் அனுப்பாதீர்கள், அந்த 30 மார்க்தான் இந்தப் பிள்ளைகளைத் தூக்கிவிடும்.

பாடம் சொல்லித் தரும் ஆசிரியர்களில் சிலர், "விளையாடுகிறவன் படிக்க மாட்டான்" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்வார்கள். நம்ம சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அவரை உயரம் தாண்டப் பழக்கியது பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். அவர் பி.பி.ஏ. படித்ததும் சேலம் கல்லூரியில்தான். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று அதற்கப்புறமும் நிற்கவில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடியவர், 2020 டிசம்பரில் இந்திய கிரிக்கெட் அணியில் இறங்கினார். எல்லாப் பிள்ளையும் அப்படி ஆக முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் நம் மண்ணில் அப்படி நடந்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

நாங்கள் ஏற்காடு மலைக் கிராமம். எங்களுக்கு வேறு என்ன பார்க்க வேண்டும்?

முதலில் சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் அளவில்தான் தருவார்கள், விசாரணைக்கு நாள் பிடிக்கும். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் கலந்தாய்வு முடிந்துவிடும். பதினொன்றாம் வகுப்பிலேயே வாங்கி வையுங்கள். சாதி ஒதுக்கீடு வேறு, விளையாட்டு ஒதுக்கீடு வேறு. இரண்டிலும் பெயர் கொடுக்கலாம், ஒன்றைக் கேட்டால் மற்றது போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சை நம்ப வேண்டாம்.

தினமும் மலை ஏறி இறங்கிக் கல்லூரிக்கும் போய்ப் பயிற்சியும் செய்ய முடியாது. கீழே அரசு நல விடுதிகள் இருக்கின்றன, கல்லூரியில் சேர்ந்த வாரமே விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் ஷூவுக்கு எத்தனை மாதம் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சேர்த்து வாங்கிய பெண்ணை எனக்குத் தெரியும்.

ஒரு பாடத்தில் ஃபெயில். இனி அவ்வளவுதானா?

ஜூன், ஜூலையிலேயே துணைத் தேர்வு எழுதிவிடலாம், வருடம் வீணாகாது. பாலிடெக்னிக்கும் இருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவோ தொழிற்பிரிவோ எடுத்துப் பாஸானவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம். பாலிடெக்னிக்குகளுக்கிடையே விளையாட்டுப் போட்டிகளும் உண்டு.

எந்தப் படிப்பை எடுப்பது?

பயிற்சியோடு சேர்த்துப் படிக்க முடிகிற படிப்பை. மதியத்துக்கு மேல் லேப் இருக்கும் படிப்பென்றால், மாலைப் பயிற்சிக்கு விடுவார்களா என்று கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரிடம் சேரும் முன்னாலேயே கேளுங்கள். அந்தக் கல்லூரியில் உங்கள் விளையாட்டுக்கு அணி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நீச்சலில் வந்த பிள்ளையை நீச்சல் குளமே இல்லாத கல்லூரியில் சேர்த்துவிட்டு, மூன்றாம் மாதம் என்னிடம் வந்து நிற்பவர்கள் உண்டு. பட்டம் முக்கியம். ரயில்வேயிலும் காவல் துறையிலும் விளையாட்டு வழியாக ஆள் எடுக்கிறார்கள், தமிழ்நாடு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கெல்லாம் பட்டம் இருந்தால் மேல் பதவிக்குப் போகலாம். கல்லூரிக்குள் நுழைந்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டால் அது எதுவும் கிடைக்காது.

பெண் பிள்ளை. கோவைக்கும் சென்னைக்கும் அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயம். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஒரு நாள் அவளோடு போய் விடுதியைப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள், மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள். ஏற்கெனவே அங்கே ஆடும் நம்ம ஊர்ப் பெண் யாராவது இருந்தால், அவளிடம் தனியாகக் கேளுங்கள். பயிற்சியாளர் எப்படி, வெளியூர்ப் போட்டிக்குக் கூட வருவது யார், பெண் ஊழியர் வருகிறார்களா என்று. பதில் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள். திருப்தி இல்லையென்றால் எவ்வளவு பெரிய கல்லூரியாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரிசல்ட் வந்ததிலிருந்து பையன் சாப்பிடவே இல்லை மிஸ். அவனிடம் என்ன சொல்வது?

இன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மார்க்கைப் பற்றி வீட்டில் யாரும் பேச வேண்டாம். ராத்திரி அவனுக்குப் பிடித்ததைச் செய்து பக்கத்தில் வைத்துவிட்டு, நீங்களும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். நாளைக்குக் காலை ஆறு மணிக்குக் காந்தி ஸ்டேடியத்துக்கு அனுப்பி வையுங்கள், நான் அங்கேதான் இருப்பேன். ஷூவோடு வரச் சொல்லுங்கள். இரண்டு ரவுண்டு ஓடிவிட்டு கேலரியில் உட்கார்ந்து பேசுகிறோம். சான்றிதழ் ஃபைலையும் மறக்காமல் கொடுத்து விடுங்கள்.